புது கார், லொடலொட சத்தம், "வாரண்டியில வராது சார்": காரைக்குடி சுற்றுவட்டாரத்துக்கு ஒரு இழை

#1 கோட்டையூர்_வளவு

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருமயம் பக்கம் கடந்த மூன்று நான்கு வருஷத்தில் குடும்பத்துக்கென்று கார் வாங்கியவர்களின் புகார்கள் பத்து இழையில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. டேஷ்போர்டிலும் கதவிலும் சத்தம். மழைக்கு உள்ளே தண்ணீர். பெயின்டில் திட்டு. ஸ்கிரீன் உறைந்து நிற்பது. நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குவது. டீசல் வண்டியில் ஃபில்டர் லைட். சர்வீஸ் சென்டர் பதிலும் ஒரே மாதிரிதான்: "நார்மல் சார்", "எல்லா வண்டியிலயும் இப்படித்தான்", "வாரண்டியில வராது".

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. பாதி வண்டிகள் ஊர் வீட்டில் நிற்கின்றன. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, திருவிழா என்று வரும்போதுதான் வண்டி வெளியே வருகிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு வாரண்டி எப்படிப் பறிபோகிறது என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஷோரூம் பெயர், ஆள் பெயர் வேண்டாம். எந்தப் பாகம், எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன எழுதிக் கேட்பது, அவ்வளவு போதும்.

#2 செக்காலை_ஒர்க்‌ஷாப்

முதலில் ஜாப் கார்டு, அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது அவர்கள் எழுதும் வேலைத் தாள். இதில் கோட்டை விட்டால் மற்றது எதுவும் நிற்காது.

சர்வீஸ் அட்வைசரிடம் வாயால் சொன்ன புகாருக்கு வாரண்டியில் மதிப்பில்லை. கம்பெனிக்குப் போவது ஜாப் கார்டில் "வாடிக்கையாளர் புகார்" என்ற கட்டத்தில் ஏறிய வரிகள் மட்டும். அவர் "ஜெனரல் செக்கப்" என்று இரண்டு வார்த்தை போட்டு முடித்தால், அந்தத் தேதியில் உங்கள் வண்டிக்கு எந்தக் குறையும் இல்லை என்றுதான் பதிவாகும். இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த சத்தத்துக்கு மூன்றாவது வருஷம் முடிந்த மறுமாதம் பில் வருவது இதனால்தான்.

"முன்னாடி சத்தம் வருது" என்பது புகார் ஆகாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"இடது முன் சக்கரப் பக்கம், 15 முதல் 25 கி.மீ. வேகத்தில், ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது மட்டும் 'டொக்' என்று ஒரு தரம். காலை முதல் ஓட்டத்தில் இல்லை. சுமார் 10 கி.மீ. ஓடிய பிறகு வருகிறது. பின்சீட்டில் இருவர் இருந்தால் அதிகம்."

எந்தப் பக்கம், என்ன வேகம், எந்தச் சூட்டில், எத்தனை பேர் ஏறினால், எத்தனை தடவைக்கு ஒரு தடவை. இந்த ஐந்தும் இருந்தால் மெக்கானிக்குக் கை எங்கே போக வேண்டும் என்று தெரியும். "சத்தம் கேட்கவில்லை" என்று மூடவும் சுலபத்தில் முடியாது.

வண்டியை விடும் தேதி, நேரம், ஓடோமீட்டர் எண், திரும்ப எடுக்கும் தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்காக வாரண்டி காலம் பொதுவாக நீளாது. ஆனால் வழக்கு என்று வந்தால் எத்தனை நாள் வண்டி உங்கள் கையில் இல்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

#3 பள்ளத்தூர்_பெட்ரோல்

அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்தாலும் "டெஸ்ட் டிரைவ் போனோம், சத்தம் வரல" அப்படின்னு எழுதிக் கையெழுத்துக் கேட்கிறாங்க. போடலாமா?

#4 செக்காலை_ஒர்க்‌ஷாப்

போடலாம் தம்பி, ஆனால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "குறை தீரவில்லை, வண்டியை ஆட்சேபத்துடன் எடுத்துச் செல்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். டிஜிட்டலில் கையெழுத்து வாங்கினால், வீடு வந்து சேர்வதற்குள் அதே வாசகத்தைக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு அனுப்பி, டீலருக்கும் நகல் வையுங்கள். ஜாப் கார்டு எண், சேசிஸ் எண் இரண்டும் அதில் இருக்கட்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு நீங்களும் கூடப் போக வேண்டும். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றியுள்ள நல்ல ரோட்டில் ஐந்து நிமிஷம் ஓட்டினால் எந்தச் சத்தமும் வராது. உங்கள் வண்டி எந்த ரோட்டில் சத்தம் போடுகிறதோ அங்கே கூட்டிப் போங்கள்.

சத்தத்தை ஓரளவு நீங்களே பிரித்துப் பார்க்கலாம்:

சின்னச் சின்னப் பள்ளத்தில் அடுக்கடுக்காக "கடகட" என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க். இரண்டு முனையிலும் பால் ஜாயின்ட் உள்ள சின்னக் கம்பி அது. வண்டியை ஜாக்கியில் தூக்கி இரண்டு சக்கரமும் தொங்கும்போது ஆட்டினால் தளர்வு தெரியாமல் போகும். சக்கரம் தரையில் நிற்க, சர்வீஸ் பிட்டில் இறங்கிக் கையால் ஆட்டினால்தான் தெரியும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பும்போது "டிங்" என்று ஸ்பிரிங் முறுக்கி விடுவது போலக் கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஷாக் அப்சார்பரின் மேல்பிடி), அதன் பேரிங்.

ஸ்பீடு பிரேக்கரில் "கீச்" என்று ரப்பர் அழுத்தும் சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர்), இல்லையென்றால் ஸ்டெபிலைசர் பார் புஷ். புஷ்ஷில் தண்ணீர் தெளித்துவிட்டு உடனே ஓட்டிப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் நின்றால் இடம் உறுதி. கிரீஸ் தடவச் சொல்லாதீர்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

டேஷ்போர்டு, கதவுப் பேனல் சத்தம் வேறு ஜாதி. பிளாஸ்டிக்கும் இரும்பும் சூட்டில் விரிவது ஒரே அளவில் இல்லை. சித்திரை வைகாசி வெயிலில் மூடிய வண்டி நின்றால் கிளிப் பிடிப்பு தளர்ந்து, மறுநாள் காலைக் குளிர்ச்சியில் "டக் டக்" ஆரம்பிக்கும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உள்ளங்கையால் பேனலை ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். அழுத்திய இடத்தில் சத்தம் நின்றால் அந்தப் புள்ளியில் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டி, படம் எடுத்து ஜாப் கார்டோடு சேருங்கள். சரிசெய்வது ஃபெல்ட் டேப்பும் புதுக் கிளிப்பும்தான். கழற்றிய கிளிப்பையே திரும்ப மாட்டினால் ஆறு மாதத்தில் மறுபடி வரும். "புதுக் கிளிப் போட்டது" என்று பில்லில் பார்ட் நம்பரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

#5 கானாடுகாத்தான்_மழை

தண்ணீர் இறங்குவதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் அதிகம் கேட்பது இதுதான்.

கால் மிதியடி ஈரமாக இருந்தால் முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். நிறமாகவும் பிசுபிசுப்பாகவும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிவது போலவும் இருந்தால் ஹீட்டர் கோரிலிருந்து வரும் கூலன்ட். சுத்தமான தண்ணீர், மழையே இல்லாத நாளிலும் ஏசி போட்டால் வருகிறது என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. மழைக்கு மட்டும் வந்தால் சன்ரூஃப், முன் கண்ணாடிக்குக் கீழுள்ள தொட்டி, கதவு மெம்பிரேன் என்று மூன்று வழி.

சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளில் வடிகுழாய்கள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் நான்கு. முன்னிரண்டு கண்ணாடியோரத் தூண் வழியாக இறங்கி முன் சக்கர வளைவுப் பக்கம் விடும். பின்னிரண்டு பின்தூண் வழியாகப் பின் பம்பர் பக்கம் விடும். சன்ரூஃப் கண்ணாடி தண்ணீரை முழுவதும் தடுப்பதில்லை. ரப்பரைத் தாண்டி வருவதைச் சட்டத்தில் பிடித்து இந்தக் குழாய்கள் வழியாக வெளியேற்றுவதுதான் அமைப்பே. குழாய் அடைத்தால் தண்ணீர் கூரைத் துணிக்குள் நிரம்பி, விளக்கு இருக்கும் இடத்தில் சொட்டும்.

அடைப்பது எது? வேப்பம்பூவும் புளிய இலையும். சித்திரையில் மரத்தடியில் நின்ற வண்டியில் விழுந்த பூ, செம்மண் தூசியோடு சேர்ந்து குழாய் வாயில் களிமண் போல இறுகிவிடும். ஐந்தாறு மாதம் கழித்து ஐப்பசி மழையில்தான் அது தெரியும். "மரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள், இது பராமரிப்பு" என்று வாரண்டியை மறுப்பது அப்போதுதான். மழைக்கு முன்பே, புரட்டாசியில் ஒரு தரம் சோதியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் 100 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் அந்தப் பக்கத்துச் சக்கரத்தருகே சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு. புல் வெட்டும் மெஷினில் போடும் 2 மி.மீ. நைலான் கயிற்றை நுனியை மழுக்கிவிட்டு மெல்லச் செலுத்தி எடுக்கலாம். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அடிக்கவே கூடாது. உள்ளே குழாய் அதன் மூட்டிலிருந்து கழன்றால், அன்றுவரை வெளியே போன தண்ணீரும் வண்டிக்குள் வரும். அந்த வேலைக்குக் கூரைத் துணியை இறக்க வேண்டும்.

அடைப்பே இல்லாமல் ஒழுகுகிறது, குழாய் மூட்டு தொழிற்சாலையிலேயே சரியாக ஏறவில்லை என்றால் அது உற்பத்திக் குறை, வாரண்டி வேலை. 100 மி.லி. சோதனையை வீடியோ எடுத்து வைத்திருந்தால் இரண்டையும் பிரித்துக் காட்டலாம்.

கதவு வழியாக வந்தால் உள் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெம்பிரேன் ஷீட்டைப் பார்க்க வேண்டும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அது கதவின் அடியிலுள்ள துளைகளால் வெளியேறிவிடும். ஸ்பீக்கர் மாற்றியவர்கள், சென்ட்ரல் லாக் பார்த்தவர்கள் இந்த ஷீட்டைக் கிழித்துவிட்டுச் சாதாரண டேப் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் அங்கிருந்து உள்ளே வரும். ஷோரூமிலேயே ஸ்பீக்கர் போட்டிருந்தால் அந்த பில் உங்களுக்குச் சாட்சி. வெளிக்கடையில் போட்டிருந்தால் கேட்பது கஷ்டம்.

கதவு ரப்பர் சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும். ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். எல்லா இடத்திலும் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் கதவு கீல் சரிசெய்ய வேண்டும், ரப்பரை மாற்றினால் தீராது.

கடைசியாக, ஒழுகலை அடைத்ததோடு வேலை முடிந்ததாக விட்டுவிடாதீர்கள். கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மேலே காய்ந்தது போல இருக்கும். அதே இடத்தில்தான் வயரிங்கும், சீட்டுக்கு அடியில் ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களும் (வயர் இணைப்புகள்) போகின்றன. பச்சைக் களிம்பு ஏறினால் அடுத்த வருஷம் ஏர்பேக் லைட் எரியும், அப்போது "பழைய தண்ணீர்ப் பிரச்சினை" என்பார்கள். "சீட் கழற்றி, கார்ப்பெட் தூக்கிக் காயவைத்து, கப்ளர்கள் சோதிக்கப்பட்டன" என்ற வரி ஜாப் கார்டில் வேண்டும்.

#6 புதுவயல்_2023

"நல்ல ஸ்டார் வாங்கின வண்டி, இதில போய் இப்படியா" என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் 2023 அக்டோபர் முதல் நடக்கிறது. அது மோதலில் உள்ளிருப்பவரைக் காக்கும் திறனை அளக்கும் சோதனை. பேனல் இடைவெளியும் ரப்பரும் பெயின்டும் அதில் வராது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

#7 தேவகோட்டை_பேட்டரி

ஊர் வீட்டில் நிற்கும் வண்டிகளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

12 வோல்ட் பேட்டரி, டயர் இரண்டுக்கும் பெரும்பாலும் அந்தந்தத் தயாரிப்பாளர் வாரண்டிதான். கார் கம்பெனி வாரண்டிப் புத்தகத்தில் தனியாக எழுதியிருக்கும். அதனால் பேட்டரி பில்லையும் கார்டையும் தனியே வையுங்கள்.

வண்டியை ஒரு ராத்திரி நிறுத்தியபின் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகும், பிறகு சார்ஜ் போட்டாலும் நிற்காது. "ஆழ்ந்து இறங்கிய பேட்டரி" என்று எழுதி அந்த வாரண்டியையும் மறுப்பார்கள்.

புது வண்டி பூட்டிய பிறகும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். பூட்டி முக்கால் மணி நேரம் கழித்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஏதோ ஒரு கன்ட்ரோல் யூனிட் தூங்கவில்லை. ஃபியூஸ் ஃபியூஸாகப் பார்த்துப் பிடிக்கலாம், அது வாரண்டி வேலை. ஆனால் வெளிக்கடையில் வயரை வெட்டி டேஷ்கேம் போட்டிருந்தால் குற்றம் அதன்மேல்தான் விழும். கப்ளர் வைத்த வயரிங்கில் போடுங்கள், அப்போது கழற்றிவிட்டும் அளந்து காட்டலாம்.

வாட்ச்மேனோ பக்கத்து வீட்டுத் தம்பியோ வாரம் ஒரு தரம் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது உதவாது. ஸ்டார்ட்டர் எடுத்ததை அந்த ஐந்து நிமிஷம் திருப்பித் தராது, சைலன்சரில் ஈரம்தான் சேரும். பத்து நாளுக்கு ஒரு தரம் 25, 30 நிமிஷம் ரோட்டில் ஓட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் தானே நின்றுகொள்ளும் மெயின்டெயினர் சார்ஜர் ஒன்று போதும். அதுவும் முடியாதென்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். அதற்கு முன் டிக்கியைக் கைச்சாவியால் திறக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரில் வழக்கத்தைவிட 3 முதல் 5 பிஎஸ்ஐ கூடுதலாக வையுங்கள், டயர்ப் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம். மழைக்காலத்தில் பிரேக் கட்டை ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

எலி கடித்த வயரிங் எந்தக் கம்பெனி வாரண்டியிலும் வராது. அது இன்சூரன்ஸ் பக்கம். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெல், கடலை, புண்ணாக்கு மூட்டை அடுக்காதீர்கள்.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். கம்பெனி சொன்ன கூலன்ட், அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். என்ஜின் கெட்டால் கூலன்ட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் பெயின்டில் விழும் வெள்ளை வட்டங்களும் வாரண்டியில் வராது. நிழலில் கழுவி உடனே துடையுங்கள்.

#8 மலேசியா_கண்டனூர்

எங்கள் வண்டி இரண்டு வருடத்தில் 3,800 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது. 10,000 கி.மீ. ஆகவில்லையே என்று வீட்டில் சர்வீஸ் விடவில்லை. இப்போது கியர் புகாருக்கு வாரண்டி இல்லை என்கிறார்கள். சரியா?

#9 செக்காலை_ஒர்க்‌ஷாப்

"10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ" என்பதுதான் பெரும்பாலான கம்பெனிகளின் நிபந்தனை ஐயா. ஓடாத வண்டிக்கும் வருஷம் ஓடுகிறது. ஆயிலும் பிரேக் ஆயிலும் நின்ற இடத்திலேயே ஈரம் குடிக்கும். கெடுவுக்கு முன்பின் எத்தனை நாள் சலுகை என்று உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதை முதலில் பாருங்கள்.

ஆனாலும் விட்டுவிட வேண்டாம். சர்வீஸ் தவறியதற்கும் குறைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆயில் மாற்றாததால் டர்போ போனால் அவர்கள் சொல்வது நியாயம். கியர் மாற்றும் யூனிட்டின் எலெக்ட்ரானிக் பாகமோ சாஃப்ட்வேரோ பழுது என்றால், ஆயில் மாற்றாதது அதை எப்படிக் கெடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பதிலை ஏற்காதீர்கள். "எந்த நிபந்தனை எண்ணின்படி மறுக்கிறீர்கள்" என்ற ஒரு வரி மின்னஞ்சல் போதும். எழுதித் தர வேண்டி வரும்போது பல மறுப்புகள் 'குட்வில்' தள்ளுபடியாக மாறும். பாகத்தில் பாதி, கூலி முழுவதும் என்று கம்பெனி ஏற்பது நடக்கிற ஒன்றுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். சர்வீஸ் நினைவூட்டல், ஜாப் கார்டு எல்லாம் பதிவான மொபைலுக்கே போகும். அந்த எண் இங்கே உபயோகத்தில் இல்லையென்றால் ஊரில் இருக்கும் ஒருவர் எண்ணை டீலர் பதிவில் சேருங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் விட்டாலே வாரண்டி முழுவதும் ரத்து என்ற பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது என்று 2014 ஆகஸ்டில் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் கம்பெனிகள் மீதான உத்தரவில் சொன்னது. அது அப்பீலுக்குப் போன விவகாரம். அதை நம்பி முதல் மூன்று வருஷம் வெளியே விட வேண்டாம் என்பது என் கருத்து. பஞ்சர், வீல் அலைன்மென்ட், வாஷ் எங்கே செய்தாலும் பரவாயில்லை.

#10 திருமயம்_டீசல்

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு. சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது, டிபிஎஃப். கரி சேர்ந்ததும் வண்டி தானாகக் கூடுதல் டீசல் விட்டு, 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துக்கொள்ளும். இதற்குத் தொடர்ந்து ஓட வேண்டும். ஸ்கூல், கடைத்தெரு, கோயில் என்று இரண்டு கி.மீ. ஓட்டி நிறுத்தினால் எரிப்பு பாதியில் அறுபடும்.

அறுபட்டால் எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கும். வாரம் ஒரு தரம் டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லாரும் கவனிப்பார்கள். டீசல் வண்டியில் ஆயில் அளவு கூடுவதுதான் ஆபத்து. உச்சக் கோட்டுக்கு மேல் போய், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

ஃபில்டர் லைட் எரிந்ததும் நிறுத்தாமல் 60 கி.மீ. வேகத்துக்கு மேல், 2,000 ஆர்பிஎம் சுற்றி வைத்து 15, 20 நிமிஷம் ஓட்டுங்கள். காரைக்குடியிலிருந்து திருமயம் ரோட்டில் ஒரு தரம் போய் வந்தால் பெரும்பாலும் அணையும். லைட்டோடு பல நாள் ஓட்டி வண்டி வேகம் குறைந்த நிலைக்குப் போனால், அதை "உபயோகக் குறை" என்று மறுப்பார்கள். சரியாக ஓட்டியும் ஆயிரம் கி.மீ.க்குள் திரும்பத் திரும்ப எரிந்தால் பிரஷர் சென்சாரோ இன்ஜெக்டரோ சந்தேகம். ஸ்கேனரில் கரி அளவும், கடைசியாக எரிந்து முடிந்த கி.மீ.யும் வரும். அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

#11 ஆத்தங்குடி_தளம்

வாங்கப் போகிறவர்களுக்கு. நம்பர் பதிவாகும் முன் பார்ப்பதில்தான் பலன். பதிவானபின் அது உங்கள் வண்டி.

பெயின்ட் கனத்தை அளக்கும் அளவி ஒன்று வாடகைக்கோ இரவலோ வாங்குங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான். ஒரு கதவு 110, பக்கத்துக் கதவு 240 என்றால் அந்தக் கதவு மறுபடி அடிக்கப்பட்டது. 500 தாண்டினால் அடியில் பட்டி. பம்பர் பிளாஸ்டிக், அங்கே சாதாரண அளவி வேலை செய்யாது. பானட் கீல், ஃபெண்டர் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டால் ஓரத்தில் பெயின்ட் உடைந்திருக்கும். புது வண்டியில் அது இருக்கக் கூடாது.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ல் 23-வது வாரம். ஐந்து டயரும் பாருங்கள், ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். வண்டி தயாரான மாதம், வருடம் ஃபாரம் 21-ல் (டீலர் தரும் விற்பனைச் சான்று) எழுதியிருக்கும். ஒரு வருஷம் யார்டில் கிடந்த வண்டிக்கு விலை குறைத்துக் கேளுங்கள், பேட்டரியும் மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் ராத்திரி வண்டிக்கடியில் பழைய நியூஸ்பேப்பர் விரியுங்கள். காலையில் நிறமில்லாத ஈரம் ஏசி தண்ணீர். பழுப்பு ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் கூலன்ட். முன்சக்கரத்தருகே மஞ்சள் வெளிறிய வழவழப்பு பிரேக் ஆயிலாக இருக்கலாம், அப்படியானால் வண்டியை எடுக்காமல் இழுவை வண்டி கூப்பிடுங்கள்.

#12 சிவகங்கை_மனு

இத்தனைக்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் போவது பற்றி எழுதுகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வண்டி மதுரையிலோ திருச்சியிலோ வாங்கியிருந்தாலும் காரைக்குடிக்காரர் சிவகங்கையில் போடலாம், திருமயத்துக்காரர் புதுக்கோட்டையில். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டணம் 5 முதல் 10 லட்சத்துக்கு 200 ரூபாய், 10 முதல் 20 லட்சத்துக்கு 400, அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். முதல்படியாக 1915 உதவி எண்ணில் புகார் பதிந்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சில விஷயங்கள் அங்கேயே தீரும்.

டீலர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் "அது அவர் பொறுப்பு" என்று மற்றவர் கைகாட்டுவார்.

முக்கியமான ஒன்று. "புது வண்டியே வேண்டும்" என்று மட்டும் கேட்டு மனு போடாதீர்கள். மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட 2006 வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனை பாகத்தைப் பழுதுபார்ப்பது அல்லது மாற்றுவது என்று இருக்கும்போது முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்றது. ஆகவே குறைபாடுள்ள பாகத்தை மாற்றுதல், வண்டி நின்ற நாட்களுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, இவற்றை முதன்மையாகக் கேட்டு, திரும்பத் திரும்பத் தீராத உற்பத்திக் குறை நிரூபணமானால் பணம் திருப்பித் தரும்படி மாற்றுக் கோரிக்கை வையுங்கள். உற்பத்திக் குறையை நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும். 38-வது பிரிவின்படி சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனுச் செய்யலாம். மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் போல இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரைக் கேளுங்கள்.

ஆணையம் முதலில் புரட்டுவது ஜாப் கார்டுகளை. ஒரே குறை மூன்று ஜாப் கார்டில் ஒரே வாசகத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று தடவையும் வெவ்வேறு வார்த்தையில் எழுதியிருந்தால் மூன்று தனித்தனிக் குறை என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

#13 பள்ளத்தூர்_பெட்ரோல்

ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுறது) வந்தால் எப்படித் தெரியும்? வாரண்டி முடிஞ்சிருந்தா காசு கேட்பாங்களா அண்ணே?

#14 சிவகங்கை_மனு

கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டால் காட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போட்டுப் பாருங்கள். ரீகால் வேலை இலவசம், வாரண்டியோடு சம்பந்தமில்லை, இரண்டாவது உரிமையாளருக்கும் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவின் விதிகள்படி, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசே கட்டாய ரீகால் உத்தரவிடலாம். பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் கசிவு போன்ற புகார்களை அரசின் வாகன ரீகால் தளத்திலும் பதியுங்கள். டேஷ்போர்டு சத்தத்துக்கு அது இடமில்லை.

#15 கோட்டையூர்_வளவு

எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டார்கள். மூல வாரண்டி முடிவதற்குள் வாங்க வேண்டும், நாள் தள்ளத் தள்ள விலை ஏறும். வாங்குவதற்கு முன் எது வராது என்ற பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரப்பர், புஷ், பேனல் சத்தம், பெயின்ட் எல்லாம் அதில் பெரும்பாலும் விலக்கு. அதாவது #4, #5-ல் எழுதியவற்றை முதல் வாரண்டிக்குள்ளேயே முடித்தாக வேண்டும். வாரண்டி முடியும் தேதிக்கு 60 நாள் முன்பு எல்லாக் குறையையும் ஒரே ஜாப் கார்டில் ஏற்றி வண்டியை விடுங்கள். பாகம் வர மூன்று வாரம் ஆனாலும், புகார் பதிவான தேதி வாரண்டிக்குள் இருக்கும்.

ஐப்பசிக்கு முன் சன்ரூஃப் சோதனை செய்தவர்கள் எந்த மூலை அடைத்திருந்தது, எந்த மாடல் என்று இங்கேயே எழுதுங்கள். ஒரே மாடலில் ஒரே மூலை திரும்பத் திரும்ப வந்தால், எல்லோர் ஜாப் கார்டையும் சேர்த்துக் கம்பெனிக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்பலாம்.